கூறைப்பட்டில் கத்தரிக்கோல்

கூறைப்பட்டில் கத்தரிக்கோல் வைக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாராளமாகப் புரட்டிவிட்டுப் போகலாம். நான் வைத்தேன். என் மகளின் கூறைப்பட்டை, பட்டப்பகலில், மயிலாப்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்துப் போட்டு, நடு உடம்பிலிருந்தே வெட்டினேன். வெட்டிய துண்டுகளை வைத்து ஒரு குயில்ட் தைத்தேன். வருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டால், ஒன்று உண்டு. ஜரிகைப் பக்கம் தையலுக்கு இன்னும் கொஞ்சம் துணி விட்டிருக்கலாம்.

குயில்ட் என்பது பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்த ஒரு விரிப்பு, நடுவில் மெத்தென்று ஏதாவது, அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் சேர்த்து மேலிருந்து கீழ்வரை தையல் ஓட்டிவிட்டால் முடிந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். "மெட்ராஸ் வெயில்ல ரஜாய் தைக்கிறீங்களா ஆன்ட்டி?" என்று மாடி வீட்டுப் பெண் சிரித்தாள். ராத்திரி முழுக்க ஏசியைப் போட்டுக்கொண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிற ஊர் இது. இதில் வெயிலைப் பற்றி யார் பேசுவது?

என் மகளின் கல்யாணம் நிலைக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே அவள் ஓய்ந்துபோனாள். கோர்ட்டு வேலையெல்லாம் முடிந்து எங்களோடு வந்து இருந்தாள். ஆபீஸுக்குப் போவாள், வருவாள், அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவான்மியூரில் வாடகைக்கு ஒரு சின்ன ஃப்ளாட் பார்த்திருப்பதாகவும் தனியாகப் போய் இருக்கப் போவதாகவும் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் வாயிலிருந்து "நான் செய்யப்போறேன்" என்று ஒரு வார்த்தை வந்து எத்தனை காலமாகிவிட்டது! போ என்றேன்.

மறுநாள் அந்தப் பட்டை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். அரக்குச் சிவப்பு, கையகல ஜரிகைக் கரை.

"இதைக் கட்டவும் முடியலை, தூக்கிப் போடவும் முடியலைம்மா. பீரோவைத் திறந்தாலே பயமா இருக்கு. நீதான் எதையாவது வெட்டி ஒட்டிக்கிட்டே இருக்கியே, இதை எனக்குப் போர்வையாத் தைச்சுக் குடு. புது வீட்டுல போத்திக்கிட்டுத் தூங்கறேன். பயம் போயிடும்."

பெற்ற பெண் பயம் போக வழி கேட்கிறாள். முடியாது என்று சொல்ல நான் என்ன மரக்கட்டையா?

விஷயம் என் நாத்தனார் காதுக்கு எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. என் கணவருக்கு மூத்தவர், நான் மதினி என்று கூப்பிடுவேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து நந்தனத்தில் குடியேறி ஒரு காலமாகிவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. நேரே வந்து மேஜைமுன் நின்றார்.

"என்னட்டி பண்ணுத? கூறைச் சேலையில கத்தரிய வச்சா அந்தப் பிள்ளைக்கு இன்னொரு நல்லது நடக்கும்னு நினைக்கியா? நானே ரெண்டாந்தாரமா ஒரு இடம் பாத்துட்டிருக்கேன். இதை வெட்டி ஏதாச்சும் ஆச்சுன்னா என்கிட்ட வந்து அழப்படாது, சொல்லிட்டேன்."

"அழறதுக்கெல்லாம் உங்க வீட்டுக்கு வரமாட்டேன் மதினி. வெட்டாம பத்திரமா பீரோவுல வச்சிருந்தோமே, அப்ப மட்டும் என்ன வாழ்ந்தது?"

மதினிக்கு முகம் கறுத்துவிட்டது. காபிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். போனால் போகட்டும்.

பட்டு நம் பேச்சைக் கேட்காது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பருத்தியை வெட்டுவதுபோல நினைத்துக் கத்திரியை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு கோணல்மாணலாகப் போகும். ரவிக்கைக் கழுத்துக்குள் வைத்துத் தைக்கிற மெல்லிய ஒட்டுக் கேன்வாஸை வாங்கி, பட்டின் உள்பக்கம் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு ஒட்டிவிடுங்கள். பிறகு பட்டு அட்டைபோல அடங்கி நிற்கும். தி.நகரில் லைனிங் துணி விற்கும் சந்தில் போய் அதைக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாக்கா, ரவிக்கைக்கு ஒரு சாண் போதும். நீ இன்னாடான்னா மீட்டர் கணக்குல வாங்கிக்கினு போற? கடை வைக்கப் போறியா?"

"கூறைப்பட்டை வெட்டப் போறேன்" என்றேன். அவர் கை ஒரு நொடி நின்றது. அப்புறம், "கிளிஞ்சிக்கினு போவாத மாதிரி நல்ல சரக்கா தர்றேன், எட்த்துக்கினு போ" என்று உள்ளே இருந்து வேறு சுருளை எடுத்துவந்தார். நல்ல மனுஷன்.

அடுத்தது கத்திரி. துணிக்கென்று ஒரு கத்திரி, அதில் வேறு எதையும் வெட்டக் கூடாது. இதை எங்கள் வீட்டில் நான் சொல்லாத நாளில்லை. ஆனாலும் ஒருநாள் காலையில் என் கணவர் அதை எடுத்துப் பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிவிட்டுச் சாவதானமாக ஸிங்க்கில் போட்டிருந்தார். "ஒரே ஒரு பாக்கெட்தானே" என்றார். அன்று அவருக்குக் கிடைத்த காபியில் சர்க்கரை இல்லை. சாணை பிடித்த பிறகும் கத்திரியின் நுனி பழையபடி வரவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார், கத்திரியை ஒளித்து வையுங்கள்.

ஊசியில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பட்டுக்குப் பதினொன்றாம் நம்பர் மெல்லிய ஊசி போதும். கரை வரும்போது பதினாலுக்கு மாற்றுங்கள். ஜரிகை இரண்டு மடிப்பாகச் சேரும் இடத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைக்க வேண்டும். அவசரப்பட்டால் ஊசி முறிந்து முகத்தில் தெறிக்கும். நடு அடுக்குக்குப் பாலியெஸ்டர் பஞ்சு வாங்கவே வாங்காதீர்கள், நம் ஊருக்கு அது வேகவைக்கும் சமாச்சாரம். துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பருத்திப் போர்வை ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும், அதை வையுங்கள். மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு என்று குத்திக்கொண்டே வாருங்கள். முட்டி வலிக்கும். திட்டிக்கொண்டே குத்துங்கள், வேலை நன்றாக ஓடும். நான் மதினியைத் திட்டிக்கொண்டே குத்தினேன்.

முதல் வெட்டு வெட்டும்போது மகள் பக்கத்தில் நின்றாள். இரண்டு தடவை அளந்துவிட்டு மூன்றாம் தடவையும் அளக்கப் போனேன், பொய் சொல்வானேன். "வெட்டும்மா" என்றாள். வெட்டினேன். வானம் இடிந்து விழவில்லை. கீழ்வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, அவ்வளவுதான்.

அடித் துணிக்குப் புது வெள்ளை மல் துணி வாங்கினேன். அங்கேதான் ஒரு தப்புச் செய்தேன். நம் வீடுகளில் புதுத் துணி எதுவானாலும் ஓரத்தில் துளி மஞ்சளைக் குழைத்து வைத்துவிட்டுத்தான் தொடுவோம். அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய் மல்லின் மூலையில் மஞ்சளை வைத்துவிட்டது. ஓரம் வெட்டும்போது போய்விடும் என்று கணக்கு. அகலம் போதாமல் துணியைத் திருப்பிப் போட்டதில் மஞ்சள் வைத்த இடம் வெளிப்பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டது. தைத்து முடித்த பிறகுதான் பார்த்தேன், லேசாகத்தான் தெரிந்தது. மங்கலம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

குடிபோகிற நாள் வந்தது. திருவான்மியூர் ஃப்ளாட்டில் ஓர் அறை, ஒரு ஹால், கட்டிலைப் போட்டால் நடக்க இடமில்லாத அளவுக்கு. ஆனால் ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று. அடுப்பில் பாலைக் காய்ச்சினோம். மகள் குயில்ட்டைக் கட்டில்மேல் விரித்தாள். சிவப்பும் ஜரிகையும் கட்டங்கட்டமாக வெயிலில் மின்னின. அவள் அதன்மேல் குப்புற விழுந்து, தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு, "அம்மா, சூப்பர்" என்றாள். சிரித்தாள்.

இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க மதினியும் வந்திருந்தார். கூப்பிடாமலேதான் வந்தார். குயில்ட்டைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ஹாலில் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டார்.

என் கணவர் ஃப்ளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றி, கட்டிலோரம் மடிந்து தொங்கிய குயில்ட்டின் வெள்ளை அடித் துணியில் சிந்திவிட்டார். "ஏங்க, ஈரத்துணியால ஒத்தி எடுங்க" என்று சமையலறையிலிருந்து கத்தினேன். அவர் எப்போது நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார்? துணி துவைக்கிற சோப்புக் கட்டியை எடுத்துத் தேய்தேய் என்று தேய்த்தார். கொஞ்ச நேரத்தில், "இங்க வாயேன்" என்று அவர் கூப்பிட்ட குரலே சரியாக இல்லை.

போய்ப் பார்த்தால் வெள்ளைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. புதுக் காயம்போல இருந்தது.

மதினி எழுந்து வந்து பார்த்தார். மார்பில் கையை வைத்துக்கொண்டார். "பாத்தியா, பாத்தியா! கூறைய வெட்டாதன்னு தலபாடா அடிச்சேனே! ரத்தம்லா கக்குது!"

என் மகள் கட்டிலைவிட்டு இறங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அம்மா, இது வேணாம்மா. எடுத்துட்டுப் போயிடு" என்றாள். பிறகு, மிகவும் மெதுவாக, "நானும் வீட்டுக்கே வந்துடறேன்" என்றாள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! இத்தனை நாள் ஊசியும் ஊக்குமாகக் குத்திக் குத்தி நான் அந்தப் பெண்ணை வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். ஒரு கறையைப் பார்த்து மறுபடி அந்த அறைக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதா? விட்டுவிடுவேனா?

கறையைத் தொட்டுப் பார்த்தேன். நான் மஞ்சள் வைத்த அதே இடம். எனக்குப் பளிச்சென்று புரிந்தது.

குடிபுகும்போது முதலில் எடுத்துவைக்கிற உப்பும் மஞ்சளும் சமையலறையில்தான் இருந்தன. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சள்தூளைக் கரைத்துக்கொண்டு வந்தேன். என் கணவர் கையிலிருந்த சோப்பைப் பிடுங்கி, நகத்தால் சுரண்டித் தட்டில் போட்டுக் கலக்கினேன். எல்லார் கண்முன்னும் மஞ்சள் தண்ணீர் சிவந்தது.

"இது ரத்தமா மதினி? மஞ்சளும் சோப்பும். நம்ம வீட்டுல எந்த விசேஷம்னாலும் ஆலத்தி கரைக்கிறது நீங்கதான். மஞ்சள்ல சுண்ணாம்பு சேர்ந்தா சிவக்கும்னு உங்களுக்கா நான் சொல்லணும்? சுண்ணாம்புல நடந்தா மங்கலம், சோப்புல நடந்தா சாபமா?"

நான் அதோடு நிறுத்தவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுக்குப் போறப்ப ஆலத்தி, பிள்ளை பெத்து வந்தா ஆலத்தி, புதுக் கார் வாங்கினாக்கூட ஆலத்தி. என் பொண்ணு முதல்முதலா தன் சொந்தச் சம்பளத்துல தன் வீட்டுக்குக் குடிவர்றா. இவளுக்கு எடுக்க இந்தக் குடும்பத்துல ஒரு கை கிடையாதா? சரி, சோப்புத் தண்ணின்னாலும் பரவாயில்லை, நானே எடுக்கறேன்." மகளைப் பார்த்து, "போய் வாசல்ல நில்லுடி" என்றேன். அழுதுகொண்டே அதட்டினேன் என்று பிற்பாடு என் கணவர் சொன்னார். இருக்கும்.

மகள் அசையவில்லை. அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதினி தட்டை எட்டிப் பார்த்தார். மேலே சோப்பு நுரை மிதந்தது. அவர் முகம் அப்படியே சுளித்தது.

"நுரை பொங்க யாராச்சும் ஆலத்தி கரைப்பாவளா? கூறு கெட்டவளே" என்று தட்டை என் கையிலிருந்து வாங்கினார். சமையலறைக்குப் போய்க் கொட்டினார். தட்டைக் கழுவி, புதிதாகத் தண்ணீர் பிடித்து, மஞ்சளைப் போட்டார். மதினிக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டு. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, விரல் நுனியில் தொட்டுக் கரைத்தார். தண்ணீர் கருஞ்சிவப்பாக, சுத்தமாகச் சிவந்தது. சூடமும் ஒரு வெற்றிலையும் அதே பையிலிருந்து வந்தன.

"சேலைய வெட்டுனது தப்புதான்" என்று என்னைப் பார்த்து முறைத்தார். "அது வேற பேச்சு. அதை அப்புறம் வச்சுக்கிடுதேன்."

பிறகு தட்டோடு போய் வாசலில் நின்றுகொண்டு என் மகளிடம் சொன்னார்: "அந்தப் போர்வைய எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போய் நில்லுட்டி. நான் சுத்துனதும் வலது காலை எடுத்து வச்சு உள்ள வா."