விரலுக்கு முன்னால் ஓடிய படம்

மாலையில் நான் பெருக்கப் போகும்போது எல்லா வகுப்பிலும் நாற்காலிகள் சிதறிக் கிடக்கும். மாடியில் ஒரு வகுப்பில் மட்டும் மேசைமேல் கவிழ்ந்து வரிசையாக இருக்கும். என் முழங்கால் வலிக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். யார் செய்கிறார்கள் என்று பல மாதம் தெரியவில்லை. ஒருநாள் கொஞ்சம் முன்னதாகப் போனேன். கடுகு தனியாளாக நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "தூக்கமா வந்துச்சு ஆயாம்மா, அதான் கொஞ்சம் உடம்ப அசைச்சேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

கடுகு என்பது பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர். ஆள் குள்ளம், பேச்சு சுரீரென்று இருக்கும். அப்பா சரக்கு வண்டி ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே துணி தேய்த்துக் கொடுக்கிறாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போக வேண்டும், அதற்குப் படிக்க வேண்டும் என்பது கடுகின் ஆசை. அந்தப் படிப்பில் சேர அறிவியல் செய்முறைத் தேர்வில் நல்ல மதிப்பெண் வேண்டுமாம்.

அந்த வருடம்தான் அறிவியல் டீச்சரை நிறுத்தினார்கள். தற்காலிக வேலை, சம்பளத்துக்குப் பணம் இல்லை என்றார்கள். அதே மாதத்தில் நாலு பேர் வந்து அறிவியல் கூடத்துச் சுவரை அளந்தார்கள். புதுமைக் கல்வி அறை வரப்போகிறது என்றார் தலைமையாசிரியர். கண்ணாடிக் குடுவைகளையும் அடுப்புகளையும் மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் அடுக்கியது நான்தான். சுவர் அளவுக்கு ஒரு தொடுதிரை வந்தது. நாற்காலிகளுக்கு வெல்வெட் உறை வந்தது. கதவுக்குப் பூட்டும் வந்தது.

கடுகு நேரே தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டாள். நான் அங்கே மேசை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், டீச்சர் எப்போ வருவாங்க?"

"இது வேற நிதிம்மா. புதுமைக்குன்னு வந்த காசைச் சம்பளத்துக்குத் தொடக்கூடாது."

"கரண்டுக்குக் கட்டலாம், வெல்வெட்டு வாங்கலாம், டீச்சருக்கு மட்டும் கூடாதா? இது எந்த ஊர் நியாயம் சார்?"

"வாய் நீளுது. போய்ப் படி."

"எதைப் பார்த்து சார் படிக்கிறது? அறையே பூட்டியிருக்கு."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் அவள் கேட்டது நியாயம் என்பது எனக்கே புரிந்தது.

அந்தத் திரையின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். வந்தபோது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவே விடவில்லை. தணிக்கைக்கு ஆள் வரும்போது புத்தம் புதிதாக இருக்க வேண்டுமாம். தாளுக்கு மேலே விரல் வைத்தால் திரையில் ஒன்றும் அசைவதே இல்லை. நன்கொடை கொடுத்தவர்கள் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யாரோ தொட்டுத் தொட்டு இயக்குவதுபோல ஒரு படத்தை முன்பே தயார் செய்து ஓடவிடுவது. அதற்கு ஏற்றபடி ஒரு பிள்ளை விரலை நகர்த்த வேண்டும். கணீரென்று பேசுவாள் என்று கடுகைப் பிடித்தார்கள்.

மூன்று நாள் ஒத்திகை. "விரல் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது" என்று தலைமையாசிரியர் கத்துவார். "சார், இதுக்கு மார்க் உண்டா?" என்பாள் அவள். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் முகத்தில் மட்டும் சிரிப்பு இருக்காது.

விருந்தினர் வந்தார்கள். திரையில் மனித இதயம் சுழன்றது. கடுகு விரலால் திறந்தாள், திறந்தது. திருப்பினாள், திரும்பியது. பாதியில் கையை எடுத்துக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். இதயம் தானாகத் திறந்து, தானாக மூடி, தானாகச் சுழன்றது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். ஆனால் வந்திருந்த அம்மாள், "அட, கையே வைக்க வேண்டாமா! பிரமாதம்!" என்று கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

கடுகின் முகம் சிவந்துவிட்டது. "மேடம், இது சும்மா ஓடுற படம். தொட்டா வேலை செய்யாது. இந்தக் கதவை உங்களுக்காகத்தான் திறந்தாங்க. ஏழு மாசமா எங்களுக்கு சயின்ஸ் டீச்சர் இல்ல. நாங்க ஒரு சோதனைகூடச் செய்யல. எங்க குடுவையெல்லாம் படிக்கட்டுக்கு அடியில கிடக்கு. வாங்க, காட்டுறேன்."

"பொண்ணு கொஞ்சம் படபடப்பு. பரீட்சை பயம்" என்று சிரித்தார் தலைமையாசிரியர்.

அந்த அம்மாள் கதவருகே தண்ணீர்த் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. அந்தப் பொண்ணு சொல்றது நிஜமா?"

குடுவைகளைச் சுமந்த கை என்னுடையது. பூட்டின் சாவி என் இடுப்பில் இருந்தது. தலைமையாசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன். பாவி நான், அப்படித்தான் சொன்னேன்.

ஒரு வாரத்தில் கடுகின் அம்மாவை வரச்சொல்லி, பெற்றோர் விருப்பத்தின் பேரில் பள்ளியை விட்டுப் போகிறாள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். யாருடைய விருப்பம்? வேண்டாம் என்று அவள் அம்மா கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன். இரண்டு பேருந்து மாறிப் போகிற பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே டீச்சர் உண்டு. ஆனால் பாதி வருடத்துக்கு மேல் போய்விட்டதால் அதே வகுப்பை மறுபடி படிக்கச் சொல்லிவிட்டார்கள். பிள்ளையின் ஒரு வருடத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். எங்கள் பள்ளிக்கோ பாராட்டுக் கடிதம் வந்தது, கூடவே இரண்டாவது திரையும் வந்தது. அதன் தாளையும் இன்னும் உரிக்கவில்லை. தினமும் தூசு தட்டுகிறேன். பிரார்த்தனையில் உட்கார்ந்தாலும் மனம் கொதிக்கிறது, அவர்கள்மேலும் என்மேலும்.

மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன அன்று வாசலில் அவளை மறித்து, "என்னை மன்னிச்சிரு கண்ணு" என்றேன். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் ஆயாம்மா. இருக்கு. நிறையவே இருக்கு. அடுத்த தடவை யாராவது கேட்டா, வாயைத் திறந்து சொல்லிருங்க."