பல்லக்காவின் மூளைப் பவளம்

அவளுக்குப் பல்லக்கா என்று யார் பேர் வைத்தார்களோ தெரியாது. தெருவே அப்படித்தான் கூப்பிடும். அவள் பல்லில் ஒரு குறையும் இல்லை, தப்பாக நினைத்துவிட வேண்டாம். பல் செட் செய்கிற லேபில் வேலை, அதனால் வந்த பேர். மாவைக் குழைத்து அச்செடுத்து, மெழுகு வைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்பினால் அது எங்கேயோ ஒரு வாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டு சிரிக்கும். நன்றியெல்லாம் டாக்டருக்கு.

"ஊர்ல பாதிப் பேர் என் பல்லாலதான் மெல்றாங்க. ஒருத்தராவது என்னைத் திரும்பிப் பார்க்கறாங்களா பாரு" என்பாள்.

அவளுடையது என்று சொல்லிக்கொள்ள ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் உப்புத் தண்ணீர், மணல், இரண்டு சின்ன மீன்கள், நடுவில் ஒரு மூளைப் பவளம். அடியில் கல், மேலே மடிப்பு மடிப்பாகப் பச்சையும் சிவப்புமாக உயிருள்ள சதை. வளர்ப்பு மீன் கடையில் வெளுத்துப்போய் ஒரு மூலையில் கிடந்ததை, "இது தேறாதும்மா" என்று கடைக்காரர் கைவிரித்ததை, அவள்தான் வாங்கி வந்தாள். வந்தபோது ஒரு கைப்பிடிதான் இருந்தது. இப்போது விரித்த உள்ளங்கையையும் தாண்டிவிட்டது. வெளிச்சம் போட்டால் அப்பம்போல் உப்பும். இறாலைப் பொடியாக நறுக்கி, லேபிலிருந்து கொண்டுவந்த இடுக்கியால் வாயருகே வைத்தால் மெல்ல மெல்ல விழுங்கும். அவளுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது.

பவளம் தன் கல்லைத் தானே கட்டிக்கொள்கிற பிராணி. கட்டச் சுண்ணாம்பு வேண்டும். அதனால் தினமும் காலையில் ஒரு குவளை சுண்ணாம்புத் தெளிவைத் தொட்டியில் ஊற்ற வேண்டும், அதுவும் நூல் பிடித்தாற்போல. குறைந்தால் வளராது. கூடினால் ஆபத்து.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஒருவன் மேலே குழிக்குள் தொங்குவான், ஒருவன் கீழே சுவிட்சருகே நிற்பான். கீழே இருப்பவன் கை வைக்குமுன் கத்த வேண்டும், மேலே இருப்பவன் அதையே திருப்பிக் கத்த வேண்டும். இல்லாவிட்டால் ஆள் காலி. அந்தப் பழக்கத்தை மனுஷன் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். "கேஸை மூடிட்டேன்" என்றால் "மூடிட்டே" என்று குரல் வர வேண்டும். காலையில் அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "சுண்ணாம்பு ஊத்திட்டேன்" என்பாள், குளியலறையிலிருந்து "ஊத்திட்டே" என்று பதில் வரும். அப்புறம்தான் அவள் கிளம்புவாள். கல்யாணமான வீட்டில் இதைவிட ஒழுங்கு கிடையாது.

அன்றைக்கு அவருடன் வேலை செய்கிறவர்கள் டீ குடிக்க வந்திருந்தார்கள். ஆள் சேர்ந்தால் அவருக்கு வாய் நீளும். "இந்த வீட்ல மூளை இருக்கறது தொட்டிக்குள்ள மட்டும்தான்" என்றார். அவளும் சேர்ந்து சிரித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாமே, நிறுத்தினாரா? "ஒரு நாள் அதை எடுத்துட்டு ரோட்டுல கிடக்கற கல்லுக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்சு வைக்கப்போறேன். இவளுக்கு வித்தியாசமே தெரியாது" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவளுக்குச் சுருக்கென்றது. கடைவாய்ப் பல்லின் மேட்டில் ஒரு இழை கூடினால்கூடக் கண்டுபிடிக்கிறவள் அவள். டீத் தம்ளர்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனவள், அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

பேச்சு நின்றது. சோறு இருந்தது, குழம்பு இருந்தது, துவைத்த சட்டை இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. அவர் வலியப் போய் ஏதாவது கேட்டால் பாத்திரம்தான் பதில் சொல்லும்.

ஒரு வாரம் போயிருக்கும். பவளத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. மறுநாள் அது நகத்தளவு ஆயிற்று. சதை கல்லைவிட்டுச் சுருங்கி, உள்ளே இருக்கிற கல் வெளியே தெரிந்தது. தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, சுண்ணாம்பு அளவு காட்டுகிற சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தாள். சுண்ணாம்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. எப்படி ஏறும்? அவள் ஊற்றியது அதே ஒரு குவளைதானே. சொட்டு மருந்துதான் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கிப் பார்த்தாள். அதே கதை. சுண்ணாம்புக் கேனும் சீக்கிரம் காலியாகிற மாதிரி இருந்தது. அடியில் ஒழுகுகிறதோ என்று துணியை விரித்து வைத்தாள். துணி காய்ந்தபடியே கிடந்தது. தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை.

இந்த ரீதியில் போனால் ஒன்றும் மிஞ்சாது. அது அவளுக்குத் தெரியும். குளிக்கும்போது யாருக்கும் கேட்காமல் அழுதாள்.

அடுத்த நாள் பஸ் நிறுத்தம்வரை போனவள், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டது நினைவுக்கு வந்து திரும்பினாள். கதவைத் திறந்தால், தொட்டி முன்னால் புருஷன். இடுப்பில் துண்டு, கையில் அவளுடைய குவளை. நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, கண் இமைக்காமல், இழைபோல் சுண்ணாம்புத் தெளிவை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?" மௌனம் அங்கேயே உடைந்தது.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "சுண்ணாம்பு. நீதான் ஊத்தறதையே விட்டுட்டியே."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. அதான். ஊத்திட்டேன்னு நீ சொல்லவே இல்லையே. என் மேல இருக்கற கோவத்துல அதைப் பட்டினி போடறியோன்னு நினைச்சேன்."

"ஐயோ, நான் தினம் ஊத்தினேங்க."

அவர் குவளையை அப்படியே கீழே வைத்தார். முகம் செத்துப்போய்விட்டது. "அப்போ நானா கொன்னுட்டு இருந்தேன்?"

அவளுக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. அடிக்கத்தான் அதிகம் தோன்றியது.

"மொத்தத் தண்ணியையும் இப்பவே மாத்திடுவோம்" என்று வாளியைத் தூக்கினார்.

"வேண்டாம். ஒரேயடியா மாத்தினா அந்த அதிர்ச்சியிலேயே போயிடும். சுண்ணாம்பை நிறுத்துவோம். கொஞ்சம் கொஞ்சமா மாத்துவோம். அப்புறம் சும்மா இருக்கணும்."

சும்மா இருப்பதுதான் அந்த மனுஷனுக்கு வராத வேலை. ஆனாலும் இருந்தார். வேலை விட்டு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் தொட்டி முன்னால் குந்திக்கொள்வார். முதலில் வெள்ளை இன்னும் பரவியது. பாதிச் சதை போயிற்று. அதன்பின் அது பரவவில்லை. ஆனால் மிஞ்சிய பாதி உப்பவும் இல்லை, இறாலைத் தொடவும் இல்லை. அவள் மனசைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். "போனா போகட்டும், விடுங்க" என்றாள். அவர் விடவில்லை.

ஒரு மத்தியானம் லேபில் போன் அடித்தது. வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆளே இல்லை அவர். அவள் கையில் யாருடையதோ ஒரு மேல்வரிசைப் பல். மாவு படிந்த விரலோடு எடுத்தாள்.

"நான் வீட்லதான் இருக்கேன். லீவு சொல்லிட்டேன்" என்றார்.

"என்னாச்சு?" கையிலிருந்த பல்லை மேஜையில் வைத்தாள்.

"இறால் ஜூஸை லேசா விட்டேன். ஓரத்துல சின்னச் சின்னதா விரல் மாதிரி நீட்டுச்சு. ஒரு துண்டு வெச்சேன். வாங்கிக்கிச்சு." தொட்டியின் மோட்டார் சத்தம்தான் கேட்டது. பிறகு, "அந்தப் பக்கம் போனது போனதுதானா? இனி வளராதா?" என்றார்.

"வளரும். இருக்கற சதையே மெல்ல அந்தப் பக்கம் ஏறி மூடிக்கும்."

"எவ்வளவு நாளாகும்?"

"வருஷக்கணக்காகும்."

"சரி, ஆகட்டும்" என்றார் அவர். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நாம எங்கே போகப்போறோம்."