கேட்டில் வைத்துப் போகும் தீப்பெட்டி

நான் பீடியை விட்டு எட்டு மாதமாகிறது. ஆனாலும் தினமும் காலையில் சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டியோடுதான் வேலைக்குப் போகிறேன். இந்தப் பாரசீக வளைகுடாக் கரையில், எண்ணெய் ஆலையின் கேட்டைத் தாண்டி ஒரு தீக்குச்சியைக்கூடக் கொண்டுபோக முடியாது. காவலாளி பையைத் தடவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு தகர வில்லையைத் தருவான். சாயங்காலம் வில்லையைக் கொடுத்துப் பெட்டியை வாங்கிக்கொள்ளலாம். "பீடி இல்லை, பெட்டி மட்டும் எதற்கு?" என்று நேற்று அரைகுறை இந்துஸ்தானியில் கேட்டான். வில்லையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பீடி வாங்க வழியில்லை என்று நினைத்துவிட்டான் போல, பாவம். தன் சிகரெட்டில் ஒன்றை நீட்டினான்.

பாலைவனத்தில் துளை போட்டு எடுக்கும் கச்சா எண்ணெய் கறுப்பாக, நாறிக்கொண்டு, குழாய் வழியே இங்கே வருகிறது. வழியில் பிரித்தெடுத்த வாயுவைக் கொளுத்தி விடுகிறார்கள். அந்தத் தீ பகலிலும் எரிகிறது. எண்ணெயை உலையில் காய்ச்சி உயரமான கோபுரத்துக்குள் ஆவியாக ஏற்றுகிறோம். லேசானது உச்சிக்குப் போய்ப் பெட்ரோலாகிறது. நடுவில் மண்ணெண்ணெய், அதற்குக் கீழே டீசல், அடியில் தார். எனக்குக் கச்சா எண்ணெய்த் தொட்டிகளில் வேலை. அடிச்சகதியை வார ஆள் இறங்குமுன் மீட்டர் வைத்துக் காற்றைச் சோதிப்போம். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆவிக்கு ஒரு பொறி போதும். ஆறு வருஷத்தில், நெருப்பைக் கண்டாலே கத்துகிற ஆளாகிவிட்டேன்.

போன கோடையில் லீவில் கடம்பத்தூர்ப் பக்கம் என் தங்கை கன்னியம்மாவின் ஊருக்குப் போனேன். கரண்டு இன்னும் வயலுக்கு வரவில்லை. அவள் வீட்டுக்காரர் முனுசாமி நெல்லுக்குத் தண்ணீர் இறைக்க டீசலில் ஓடும் எஞ்சின் வாங்கியிருந்தார். தண்ணீர் கீழே போய்விட்டதால் அதைக் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி இறக்கியிருந்தார்கள். அன்று காலை கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிட்டது. என்னவென்று பார்க்க இறங்குமுன் முனுசாமி லாந்தரை ஏற்றிக் கயிற்றில் கட்டினார். எங்கள் பக்கம் ஆழக் கிணற்றில் இறங்குகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். உள்ளே விளக்கு அணைந்தால் கெட்ட காற்று, யாரும் இறங்கமாட்டார்கள். சின்ன வயதிலிருந்து நானும் பார்த்ததுதான்.

எட்டிப் பார்த்தேன். எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. எனக்குக் கிணறு தெரியவில்லை, தொட்டிதான் தெரிந்தது.

"மாப்ளே, வெளக்க அணை! கேஸ் இருந்தா குபீர்னு புடிச்சிக்கும்!"

"இன்னா மச்சான், பேஜார் பண்றே? எங்க நைனா காலத்துலேர்ந்து வெளக்கு உட்டுப் பாத்துக்கினுதான எறங்குறோம்?"

"எண்ணெயிலயே கெடக்கறவன் சொல்றேன், அணை."

"சர்தான். சீமைக்குப் போனவரு சொன்னா கேட்டுக்கினுதான் ஆவணும்," என்று சிரித்தபடி லாந்தரை அணைத்தார்.

டீசல் ஒரு பொறிக்கெல்லாம் பற்றிக்கொள்ளாது. அதைப் பிரித்தெடுக்கிற ஆலையில் இருக்கும் எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். எஞ்சின் விட்ட புகைதான் அடியில் தேங்கியிருந்தது. விளக்கு விடாமலே பாதிக்கு மேல் இறங்கிய முனுசாமி அண்ணாந்து என்னைப் பார்த்தார், ஏதோ கேட்க வந்தவர் மாதிரி. கை நழுவியது. பின்னாலேயே இறங்கப்போன என்னை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். கொக்கி போட்டு அவரை மேலே எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது.

கன்னியம்மா என்னைத் திட்டவில்லை. பதினாறாம் நாள் முடிந்து நான் கிளம்பும்போது ஒன்றுதான் கேட்டாள்.

"வெளக்கு உட்டிருந்தா, வெளக்குதானண்ணா அணைஞ்சிருக்கும்?"

லாந்தருக்குப் பக்கத்தில் கிடந்த முனுசாமியின் தீப்பெட்டியை அவளுக்குச் சொல்லாமல் எடுத்து வந்துவிட்டேன். அவர் கடைசியாகக் கிழித்த குச்சி போக மீதி அப்படியே இருக்கிறது. இன்று காலையும் காவலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டான். நான் தொட்டிக்குள் ஆள் இறக்கப் போனேன். சாயங்காலம் திரும்ப வாங்கி, கேட்டுக்கு வெளியே நின்று குலுக்கிப் பார்த்தேன். உள்ளே அதைக் கொண்டுபோக விடமாட்டார்கள். வெளியே ஒரு குச்சியைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை.