சங்கிலியைத் தந்தவர் ஷாம்புவைத் தரவில்லை

ஐந்தருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கிவிட்டது என்று போலீஸ்காரர் விசில் ஊதியபோது நான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமை. வாயில் பாதி பஜ்ஜியோடு ஓடினேன். அதற்குள் செல்லம்மா வடிகால் கம்பிக்குள் தோள்வரை கையை விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். வந்ததெல்லாம் ஷாம்பு பாக்கெட். கொத்துக் கொத்தாக, தலைமுடியில் சிக்கிக்கொண்டு.

அப்போது நான் அங்கே தூய்மைப் பணி சூப்பர்வைசர். செல்லம்மா என்கீழ் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவள். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் மகளை நர்ஸிங் சேர்த்திருந்தாள்.

எங்கள் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். "போன வாரமும் அடைப்பு, இந்த வாரமும் அடைப்பு. அடுத்த ஞாயித்துக்கிழமையும் தண்ணி நின்னுச்சுன்னா இந்தம்மாவ மாத்திட்டு வேற ஆளப் போட்டுருவேன், பாத்துக்கிடுங்க."

"சார், போடுதவிய ஆயிரம் பேரு, எடுக்குதவ ஒருத்தி. யார மாத்தணும்?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

வாசல் சோதனை

சோப்புக்கும் ஷாம்புவுக்கும் அருவியில் தடை என்று பெரிய பலகை உண்டு. அந்தப் பலகையில் சாய்ந்துகொண்டே பாக்கெட்டைக் கிழிப்பவர்களும் உண்டு. எனவே மறுநாள் முதல் வாசலில் நானே நின்றேன். கையில் இருப்பதைப் பிடுங்கிக் குப்பை வாளியில் போட்டேன். பிடுங்கப் பிடுங்க ஒளித்தார்கள். எங்கெல்லாம் என்கிறீர்கள்! கொண்டைக்குள், குழந்தையின் குல்லாவுக்குள். புதுப்பெண் ஒருத்தி மருதாணி காயவில்லை என்று கையை மூடிக்கொண்டே நடந்தாள். "ஏட்டி, விரி பாப்போம்" என்றேன். உள்ளே இரண்டு பாக்கெட்!

வடிகால் அடைத்துக்கொண்டேதான் இருந்தது. "யக்கா, ஞாயித்துக்கிழமையோட எம் பொழப்பு முடிஞ்சுது" என்று செல்லம்மா அழுதாள்.

வெள்ளிக்கிழமை திருவேங்கடத்திலிருந்து ஒரு வேன் வந்தது. அதில் வந்த ஓர் அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் திணித்தார்.

"அருவி அடிக்கிற அடியில அத்துட்டுப் போயிரும். வச்சிருங்க தாயி, வந்து வாங்கிக்கிடுதேன்."

என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. "சரி, முந்தியில முடிஞ்சிருக்க ஷாம்புவையும் தாங்க" என்றேன். முந்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அதத் தரமாட்டேன்."

"ஆத்தாடி! சங்கிலியத் தாறீய, ரெண்டு ரூவா ஷாம்புவத் தரமாட்டீயளா?"

"சங்கிலியத் திருப்பித் தருவீய. ஷாம்புவக் குப்பையில போட்டுருவீயளே!"

அந்த அம்மா கேட்டதில் என்ன தப்பு? காசு கொடுத்து வாங்கிய பொருளை யார் குப்பைக்குக் கொடுப்பார்கள்?

டோக்கன்

அந்த அம்மா குளித்து வந்ததும் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரே செருப்புக் காப்பகம் நடத்தும் சாகுல் பாயிடம் போனேன். பழைய டோக்கன்கள் இரவல் வேண்டும் என்றேன்.

"ஷாம்புக்கு டோக்கனா? ஊரே சிரிக்கும்மா."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும், பாய். குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு மேஜை போட்டு, பக்கத்தில் டோக்கன் வாளியை வைத்தோம். "ஷாம்பு, சோப்பு பத்திரமா வச்சிருந்து தருவோம், டோக்கன் வாங்கிக்கிடுங்க!" என்று செல்லம்மா கூவினாள். வரிசை நின்றது! கொண்டையிலிருந்து ஒருத்தி தானே உருவிக் கொடுத்தாள். "மூலையில லேசாக் கிழிஞ்சிருக்கு, சாய்க்காம வைங்க" என்றாள் இன்னொருத்தி. குளித்துத் திரும்பியவர்களில் பாதிப் பேர் நடுங்கிக்கொண்டே பஜ்ஜிக் கடைக்குப் போய் டோக்கனையே மறந்தார்கள். மற்றவர்களோ விடவில்லை. "என்னுது பச்சை, நீலத்தத் தாறீய" என்று சண்டை. ஒருத்தி புறப்பட்ட வேனை நிறுத்தி, ஒரு பாக்கெட்டுக்காக இறங்கி ஓடிவந்தாள்.

சாயங்காலம் அதிகாரி வந்தார். "என்னம்மா இது, கோயில் வாசல் மாதிரி மேஜை போட்டு உக்காந்திருக்கீய?" என்று கேட்டுக்கொண்டே வடிகாலைப் பார்க்கப் போனார். கம்பியில் நாலு இலை, ஒரு ரப்பர் பேண்ட். தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்து மேஜையைப் பார்த்தார், செல்லம்மாவைப் பார்த்தார்.

"இந்தம்மாவே இருக்கட்டும்" என்றார். செல்லம்மா டோக்கன் வாளியைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். நானும்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கையை நீட்டும் முன், கொடுப்பவருக்கு அது குப்பையா பொருளா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெற்றுவிட்டேன். போன சீசனில் மருமகளோடு குளிக்கப் போனேன். மேஜையில் செல்லம்மா. மகளுக்குத் தென்காசியில் நர்ஸ் வேலை கிடைத்த கதையெல்லாம் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

"யக்கா, பாக்கெட்டு?"

"ஏட்டி, எங்கிட்டயேவா?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம்லா."

மருமகள் பக்கத்திலேயே நிற்கிறாள். என்ன செய்ய? கொண்டையை அவிழ்த்து எடுத்துக் கொடுத்துவிட்டு, டோக்கனை வாங்கிக்கொண்டேன்.