பெட்டி பிரியாத டிராக்டர்

விளையாடுவதற்காகச் செய்த பொம்மையை யாரும் விளையாடிவிடாமல் காபந்து பண்ணி விற்பதுதான் என் உபதொழில். பகலில் பாபநாசத்தில் ஒரு உரக்கடையில் பில் போடுகிறேன். சாயங்காலம் ஆனால் பழைய பொம்மைக் கார், லாரி, டிராக்டர்களை ஆன்லைனில் விற்கிறேன். பெட்டி பிரிக்காமல் இருந்தால்தான் விலை. அட்டையில் ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு. என்னைப் போலவே எதையாவது ஆன்லைனில் விற்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

எனக்கு ஒரே ஒரு ஆசை. என் மனைவி செல்வி இதை ஒரு தடவையாவது ‘தொழில்’ என்று சொல்ல வேண்டும். யாராவது விசாரித்தால் அவள் சொல்வது இதுதான்: “உரக்கடைல வேலை பாக்குறாரு. மிச்ச நேரத்துல விளையாடுறாரு.”

மாமனார் வந்தார்

என் மாமனார் குத்தாலத்தில் விவசாயம் செய்கிறார். வந்த இடத்தில், அலமாரியிலிருந்த சிவப்பு டிராக்டரைப் பார்த்துவிட்டார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆனால் அதுதான் என் கடையின் மகாராஜா, கிடைக்காத மாடல். விலை என்ன என்றார். சொன்னேன். மனுஷர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். செல்வி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்து, பெட்டியை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்துக் கேட்டார்: “ஏன் மாப்ள, நம்ம பத்து மா நெலத்தையும் இது ஒரே மூச்சுல உழுதுடுங்களா?”

மூலை பார்க்கும் படலம்

கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் அந்த டிராக்டரைக் கேட்டார். பெட்டியின் எட்டு மூலையையும் வெயிலில் வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இடது பக்கம் சரியாகத் தெரியவில்லையாம், திரும்ப எடுத்தேன். அடிப்பக்கம் வேண்டுமாம், அதையும் எடுத்தேன். வாசலில் குனிந்தும் படுத்தும் நான் பட்ட பாட்டைத் துணி காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருந்த செல்வி சொன்னாள்: “என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்ளோ பாக்கலியே!”

வைக்கோல்

அடைமழை. பார்சலுக்குச் சுற்றும் பபிள் ஷீட் தீர்ந்துவிட்டது, கடையும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு வைக்கோல் போரில் நனையாத இடமாகப் பார்த்து இரண்டு கை உருவி, சுற்றிலும் திணித்து ஒரு லாரியைப் பெங்களூருக்கு அனுப்பினேன். பொம்மை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. வாங்கிய தம்பி போன் செய்தார்: “சார், லாரி சூப்பர். வைக்கோலும் வந்துருச்சு. மாடு தனிப் பார்சலா?”

ஆயுத பூஜை

இப்படியே பெட்டிகள் அலமாரியைத் தாண்டி, கட்டிலுக்கு அடியில் புகுந்து, கட்டில் மேலேயே ஏறிவிட்டன. செல்வி கெடு வைத்துவிட்டாள். ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிக்கும்போது ஒரு பெட்டி இங்கே இருந்தாலும் தெருப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவாளாம். செய்யக்கூடியவள்தான். நல்லவேளையாக டாக்டர் டிராக்டரை முடிவு செய்துவிட்டார், பூஜை முடிந்ததும் அனுப்புவதாகப் பேச்சு. மற்றதெல்லாம் அசையவில்லை.

பூஜையன்று உரக்கடைத் தராசுக்கும் பில் மிஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு, பொரிகடலைப் பொட்டலத்தோடு வேகவேகமாக வீட்டுக்கு வந்தேன். தெருவில் எந்தப் பிள்ளை கையிலும் பொம்மை இல்லை. அப்பாடா என்று உள்ளே போனேன்.

அத்தனை பெட்டியும் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, வரிசையாக அடுக்கி, ஒன்றுவிடாமல் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்திருந்தாள். மகாராஜாவுக்கு மட்டும் கூடுதலாக விபூதிப் பட்டை.

“அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே!” என்று அலறிவிட்டேன்.

அவள் கற்பூரத் தட்டோடு திரும்பிப் பார்த்தாள். “ஏன், உங்க கடைத் தராசுக்கு வைக்கலாம், இதுக்கு வைக்கக் கூடாதா? மழைன்னும் பாக்காம மாடு மாதிரி பார்சல் கட்டுறீங்க. தூக்கிக் கொடுக்க மனசு வரலை. என்ன இருந்தாலும் தொழில் சாமான்ல?”

சொல்லிவிட்டாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது எனக்கு. சந்தோஷம் பாதி, சந்தனம் பாதி. துடைத்துப் பார்க்கலாம் என்று ஒரு பெட்டியைத் தொட்டேன், ஊறியிருந்த அட்டை கையோடு வந்தது. அப்புறம் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மறைத்து அனுப்ப மனசு ஒப்பவில்லை. டாக்டருக்கு உள்ளபடி போட்டோ அனுப்பினேன். பதில் வந்தது: “மன்னிக்கணும் சார். நான் கேட்டது டிராக்டர், நீங்க காட்டுறது சாமி.”

இப்போதெல்லாம் யார் விசாரித்தாலும் “அவருக்குச் சொந்தமா பொம்மைத் தொழில் இருக்கு” என்று செல்வி பெருமையாகத்தான் சொல்கிறாள். என்ன, விற்கிற மாதிரி ஒரு பொம்மைதான் இல்லை.