வேம்பார் மணலில் புதைந்த வீட்டு வண்டி

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் பார்ப்பவை என் கையெழுத்துத் தாள்களின் படங்கள். வரிகள் மேலே ஏறும், கீழே இறங்கும். அறுபத்தெட்டு வயதில் முதியோர் வகுப்பில் எழுதப் பழகியவன் நான். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. நாய்களோடு கடற்கரைக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம் எனக்கு. தை மாதம், உளுந்து அறுப்பு முடிந்து மிளகாய்ப் பறிப்பு தொடங்காத இடைவெளியில் கிளம்பினோம். திருச்செந்தூர்க் கடலில் முங்கியிருக்கிறேன்; கடலுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியதில்லை. அந்த ஆசைக்குத் தடையாக இருந்தவை கன்னி என்ற வேட்டை இனத்தைச் சேர்ந்த என் நாய்கள், வீரனும் கறுப்பியும். அடுத்தவர் வைத்த சோற்றை இரண்டும் முகர்ந்துகூடப் பார்க்காது. விட்டுப் போனால் பட்டினி கிடக்கும். கூட்டிப் போனால் லாட்ஜில் இடம் தரமாட்டார்கள்.

வழி சொன்னவர் என் சினேகிதர் மைதீன் பாய். ஊர் ஊராக வேனில் துணி விற்பவர். துணித் தட்டுகளைக் கழற்றிவிட்டு, படுக்கப் பலகை, சின்ன காஸ் அடுப்பு, தண்ணீர்க் கேன் எல்லாம் வைத்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"அண்ணாச்சி, ஒம்ம நாய்க பின்னாலயே இருக்கணும். முன்னால என் தொழுகை விரிப்பு இருக்கு. மூக்க நீட்டிச்சுன்னா ஒம்மையும் சேத்து எறக்கி விட்டுருவேன்."

நடுவில் சாக்குத் திரை கட்டினேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பி எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாக வேம்பார்க் கடற்கரைக்குப் போனோம். ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். போக வர டீசல் எண்ணூறு ரூபாய். ஒன்றரை மணி நேரப் பாதை எங்களுக்கு இரண்டரை மணி ஆனது. உரக்கடை, பஞ்சர் கடை, 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று கண்ணில் பட்ட பலகையை எல்லாம் வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள் தாண்டிவிட்டால் நிறுத்தச் சொன்னேன்.

"வே, அது நேத்தும் அங்கனதான் இருந்துச்சு, நாளைக்கும் இருக்கும்!" என்றார் பாய். ஆனாலும் நிறுத்தினார்.

வேம்பாரில் தார் ரோடு முடிந்த இடத்தில் பலகை இல்லை. பாய் கடலை ஒட்டிய ஈர மணலுக்கு வண்டியைத் திருப்பினார். நான் கத்தினேன்.

"ஓய், ஈரத்துல விடாதேயும்! காஞ்ச மண்ணுல ஏத்தும்!"

எங்கள் கரிசல் காட்டில் மண் நனைந்தால் டிராக்டரே அசையாது, காய்ந்தால் கல். அந்த நினைப்பில் சொன்னேன், பாயும் நம்பினார். கொஞ்ச தூரத்திலேயே பின்சக்கரங்கள் இறங்கின. மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கி, அச்சு மணலைத் தொட்டது.

பாய் இறங்கிக் குனிந்து அச்சைப் பார்த்தார். அந்த வேன்தான் அவருடைய கடை. மறுநாள் சாயங்காலம் கழுகுமலையில் துணி விரிக்க வேண்டும். அலை கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்துகொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் அடியில் புகுந்தால் வண்டி கெட்டது.

பாரம் குறையட்டும் என்று நாய்களை இறக்கினேன். ஒரு நண்டு வேனுக்கு அடியில் ஓடியது. இரண்டும் பின்சக்கரத்துக்குக் கீழே தோண்ட ஆரம்பித்தன.

வலை உதறிக்கொண்டிருந்த சேவியர் என்ற மீனவர் ஓடி வந்தார். "ஏ பெரியவரே, நாயப் பிடிங்க! நீங்க தோண்டுனது காணாதுன்னு அதுகளுமா?"

டயர்களில் பாதிக் காற்றை இறக்கினார். சக்கரங்களுக்கு முன்னால் பனை ஓலை போட்டார். படகுக் கயிற்றை வேனில் கட்டி ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் இழுத்தது கடல் பக்கமாக. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"அங்கன எதுக்கு இழுக்கிய? முங்கிரும்யா!"

"இது ஒங்க காட்டு மண்ணு இல்ல பெரியவரே. ஈர மணலு சிமெண்டுத் தரை மாதிரி. காஞ்சதுதான் முழுங்கும். கயித்த விடுங்க, இல்லன்னா நீங்களும் சேந்து இழுங்க" என்றார் சேவியர்.

சேர்ந்து இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் வேன் துள்ளி ஏறி ஈர மணலில் நின்றது. டயர் தடம்கூட ஆழமாக விழவில்லை. பாய் கண்ணை மூடி அல்லாவுக்கு நன்றி சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவுக அம்பது வருசமா வெவசாயம்!"

அவ்வளவுதான் திட்டு. அதற்குள் வீரன் நனைந்த காலோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான். பாய் தலையில் கை வைத்தார். "நல்லவேள, விரிப்ப மேல சுருட்டி வச்சேன். இருந்து தொலையட்டும்."

அடிக்கடி இப்படி வண்டிகள் புதைகின்றன என்றார் சேவியர். "ஒரு பலக வைக்கணும்னு நெனப்போம். ஒங்களுக்கு எழுதத் தெரியுமா பெரியவரே?"

"தெரியும்" என்றேன். இந்தக் கேள்விக்கு அறுபத்தேழு வயது வரை வேறு பதில்தான் சொல்லியிருக்கிறேன்.

உடைந்த படகுப் பலகையும் கறுப்புப் பெயிண்டும் கொடுத்தார்கள். 'காய்ந்த மணலில் வண்டியை விடாதீர்கள். ஈர மணல்தான் கெட்டி' என்று எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசிச் சொல்லுக்கு இடம் போதாமல் அது ஓரத்தில் கீழே இறங்கிவிட்டது.

சாயங்காலம் ஒரு கார் வந்தது. ஓட்டியவர் பலகைக்கு முன்னால் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார். வாசித்தார். ஈர மணல் பக்கமாகத் திருப்பினார். பாய் என் விலாவில் இடித்தார். அன்று ராத்திரி நாய்களோடு வேனிலேயே, கடலுக்குப் பக்கத்தில் தூங்கினேன்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: ஈர மணல் கெட்டிதான், ஆனால் அலை ஏறி வரும்; தார் ரோட்டோடு நின்றுகொள்வதே நல்லது. நல்ல தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள். நாய்கள் உப்புத் தண்ணீரை நக்கிவிட்டுத் தவிக்கும். கருவாடு காய்கிற இடத்தில் நாயைக் கயிற்றோடு பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் மண்ணைப் பற்றி நீங்கள் அறிந்ததை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பலகை நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி சேவியரிடம் கேட்டிருக்கிறேன். அவர் சொல்வதை அடுத்த வாரம் எழுதுகிறேன். எழுத்து அழிந்திருந்தால் கொஞ்சம் தாமதமாகும். முதலில் அங்கே போய் எழுத வேண்டும்.