அங்குலத்துக்குப் பன்னிரண்டு

எல்லோரும் படியேறிப் போகும்வரை ஆர்லிஸ் காத்திருப்பாள். கடைசிக் கார் கிளம்பிய சத்தம் அடங்கியதும், கழுத்தில் கறுப்பு நாடாவில் தொங்கும் சின்னக் கத்தரிக்கோலைக் கையில் எடுப்பாள். தேவாலயத்தின் அடித்தளத்து அறையில், துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுப்போர்வை ஒன்று, மரச்சட்டத்தில் நாலு பக்கமும் இழுத்துக் கட்டிக் கிடக்கும். அன்று மதியம் யார் எந்த இடத்தில் உட்கார்ந்து தைத்தார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு டொனீட்டாவின் பக்கத்தில் ஆரம்பிப்பாள். டொனீட்டாவின் தையல் நீளநீளமாக இருக்கும். கத்தரிக்கோலின் நுனியை நுழைத்து நறுக்கி, நூலை உருவி, துளைகளை நகத்தால் நீவி மூடிவிட்டு, அதே கோட்டில் தானே திரும்பத் தைப்பாள். அடுத்த வியாழக்கிழமை டொனீட்டா வந்து பார்த்துவிட்டு, "போன வாரம் கை நல்லாவே வந்திருக்கு" என்பாள். ஆர்லிஸ் காபியை ஊதிக்கொண்டிருப்பாள்.

இதை அவளாக ஆரம்பிக்கவில்லை. மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு நெப்ராஸ்காப் புல்வெளிக்கு வந்து இறங்கிய பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து தைத்த நாளிலிருந்தே, எல்லோரும் போன பிறகு ஒருத்தி பின்தங்குவது வழக்கம். ஆர்லிஸுக்கு முன்னால் பெங்ட்ஸன் அம்மாள் பின்தங்கினாள். அவள் செத்த பிறகு கத்தரிக்கோலும் வேலையும் சேர்ந்தே ஆர்லிஸிடம் வந்தன. பின்தங்குகிறவள் என்ன செய்வாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பிரிக்கப்படுவது பக்கத்து நாற்காலிக்காரியின் தையல் என்றுதான் ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆர்லிஸ் லிண்டாலுக்கு அறுபத்திரண்டு வயது. மற்ற நாட்களில் தானியக் கிடங்கில் எடைமேடைக்குப் பக்கத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, சோளம் ஏற்றிவரும் லாரிகளை நிறுத்துக் கொடுக்கிறாள். டிரைவரையும் அவனுடைய நாயையும் கீழே இறங்கச் சொல்லிவிட்டுத்தான் எடை போடுவாள். "நாய் என்ன சோளமா விக்கப் போகுது?" என்று கேட்டவனிடம், "நாயும் ஏறித்தானே வந்துச்சு" என்றாள். வலது ஆள்காட்டி விரலின் நடுக்கணுவிலிருந்து நுனிக்கணு வரை அவளுக்குச் சரியாக ஓர் அங்குலம். உணவு விடுதியில் உட்கார்ந்தால் மேசைவிரிப்பின் ஓரத்தைத் திருப்பி அந்த விரலை வைத்துப் பார்ப்பாள். மகளின் கல்யாணத்தில், பாதிரியார் ஜெபம் செய்துகொண்டிருக்க, முன்வரிசையில் இருந்தபடி, மண்டியிட்டிருந்த மாப்பிள்ளையின் கால்சட்டை மடிப்பில் எத்தனை தையல் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அங்குலத்துக்கு ஆறுதான். கல்யாணம் நிலைக்குமா என்று அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்றுவரை நிலைத்துத்தான் இருக்கிறது.

அவள் கணக்கில் நல்ல தையல் என்றால் அங்குலத்துக்குப் பன்னிரண்டு. மிஷின் கூடாது. கடைத் துணி கூடாது, யாராவது உடுத்துத் தேய்ந்த துணியாக இருக்க வேண்டும். நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிட்டுத்தான் கோக்க வேண்டும். அறுந்த நூலைக்கூட எறியக் கூடாது. வண்டியில் வந்தவர்கள் எறியவில்லை, அதனால் இவளும் எறிவதில்லை. பிரித்தெடுத்த நூல்களையெல்லாம் ஒரு காபி டப்பாவில் போட்டு வைப்பாள். ஒருத்தியின் நூல் மட்டும் அந்த டப்பாவுக்குள் போகாது. அதைச் சுருட்டி, ஊசி செருகி வைக்கும் சிவப்புக் குட்டி மெத்தையின் ஓரத்தில் விட்ட துளை வழியே உள்ளே திணிப்பாள். அது மார்டெல்லின் நூல்.

மார்டெல் அவளுடைய பள்ளித் தோழி. முப்பது வருடமாகத் தையல் சட்டத்தருகே ஆர்லிஸுக்கு இடது பக்கத்து நாற்காலி அவளுடையது. ஒரு காலத்தில் அங்குலத்துக்குப் பதினான்கு தைத்தவள். ஆர்லிஸ் பொறாமைப்பட்ட ஒரே கை அது. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் கைக்கு நடுக்கம் வந்தது. முதலில் காபிக் கோப்பை தட்டில் ஆடியது, பிறகு ஊசி துணியைத் தேட ஆரம்பித்தது. அதே வருடம் அவள் கணவன் வெண்டல் இறந்தான்.

வெண்டலின் சட்டைகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு மார்டெல் அடித்தளத்துக்கு வந்தாள். அந்த ஊரில் சவப்பெட்டியின் மேல் பூ வைக்க மாட்டார்கள். தேவாலய வாசலிலிருந்து குழிவரை வீட்டு ஒட்டுப்போர்வைதான் மூடியிருக்கும். குழியருகே அதை மடித்து வீட்டார் கையில் கொடுப்பார்கள். அன்று ராத்திரி அது யாருடைய கட்டிலிலாவது விரிந்துவிடும். வெண்டலுக்கு அப்படி ஒன்று தைக்க நேரமிருக்கவில்லை, இரவல் போர்வைதான் போட்டார்கள். அது மார்டெல்லின் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

"எனக்கு இரவல் வேண்டாம்டி" என்றாள் ஆர்லிஸிடம். "அவரோட சட்டை, என் தையல். அதுதான் என் பெட்டி மேல கிடக்கணும். அப்புறம் கேலீன் அதை எடுத்துட்டுப் போய்ப் போத்திக்கட்டும்." கேலீன் அவள் மகள்.

மரக்குடில் மாதிரியில் தைப்பது என்று முடிவானது. கட்டத்தின் நடுவில் அடுப்புக்காக ஒரு சிவப்புச் சதுரம், அதைச் சுற்றி மரக்கட்டைகளாக நீளத் துண்டுகள். துண்டுகளை வெட்டிச் சேர்த்தது மற்ற நான்கு பேர். மார்டெல்லின் கையால் அது முடியாது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையலில்தான் மார்டெல்லுக்குப் பங்கு. ஒவ்வொரு வியாழனும் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தைத்தாள். மதியம் முழுக்க உட்கார்ந்தால் ஒரு சாண் ஓடும். ஒவ்வொரு வியாழனும், அவள் போன பிறகு, ஆர்லிஸ் அந்தச் சாணைப் பிரித்துத் திரும்பத் தைத்தாள். சிநேகிதியின் சவப்பெட்டியில் கோணல் தையல் கிடப்பதை ஊர் பார்க்கக் கூடாது. அவள் எண்ணமெல்லாம் அதுதான். அதை அன்பு என்றே நம்பியிருந்தாள்.

மார்ச் மாதத்தில் ஒரு வியாழன். மார்டெல் உட்கார்ந்ததும் ஊசியை எடுக்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, முந்தைய வாரம் தைத்த மூலையைக் குனிந்து பார்த்தாள்.

"ஆர்லிஸ், போன வாரம் இங்க யாரு தைச்சா?"

"நீதான்."

"எந்த நூல்ல?"

ஆர்லிஸ் மெழுகுக் கட்டியைக் கையில் எடுத்தாள்.

"வெள்ளை தீந்து போச்சு. வெண்டல் அம்மாவோட டப்பாவுல கிடந்த வெளுக்காத கோரா நூலைத்தான் கோத்துத் தைச்சேன். இப்ப இங்க எல்லாம் வெள்ளையா இருக்கு."

பிரிக்கும்போது ஆர்லிஸ் அந்த நிறத்தைப் பார்த்தாள்தான். பழைய நூல், இற்றுப்போயிருக்கும், பிரித்தது நல்லதாய்ப் போயிற்று என்றுதான் அப்போது நினைத்தாள். நாயைக்கூட இறக்கிவிட்டு எடை போடுகிறவளுக்கு அதற்குமேல் எதுவும் தோன்றவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள் மார்டெல்.

"கை நடுங்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

"மூணு வருஷமா."

"ஆமா."

டொனீட்டா மெதுவாகக் கேட்டாள். "அப்ப என் கை நல்லா வந்திருக்குன்னு நான் சொல்வேனே, அது?"

"அது என் கை" என்றாள் ஆர்லிஸ். பொய் சொல்ல அவளுக்கு வராது.

யாரும் சிரிக்கவில்லை. மார்டெல் விரலுறையைக் கழற்றிப் பையில் போட்டாள். "மூணு வருஷமா நான் இங்க வந்து சும்மாதான் உக்காந்திருந்திருக்கேன். இது உன் போர்வைடி. உன் பெட்டி மேல போட்டுக்கோ." கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள். அன்று ஆர்லிஸ் பின்தங்கவில்லை.

அந்த வாரம் எடைமேடையில் ஒரு லாரியின் காலி எடையைக் குறிக்காமலே அனுப்பிவிட்டாள். டிரைவரே திரும்பி வந்து, "ஆர்லிஸ், உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். உடம்புக்கு ஒன்றுமில்லை. வெட்கம்தான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. இரண்டுமுறை மார்டெல்லின் வீடுவரை காரை ஓட்டிப் போய், இறங்காமல் திரும்பினாள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது? தப்பாகத் தைத்தால் பிரிக்கலாம். பிரித்ததைத் திரும்ப எப்படிச் சேர்ப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அடுத்த வியாழன் கேக் கொண்டுவரும் முறை மார்டெல்லுடையது. முறை என்று வந்துவிட்டால் பனிப்புயலானாலும் கேக் வரும் ஊர் அது. மார்டெல் வந்தாள். கோட்டைக் கழற்றாமலே கேக்கை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒரு நிமிஷம் இரு" என்றாள் ஆர்லிஸ்.

சிவப்பு ஊசிமெத்தையை மடியில் வைத்து, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேசைவிரிப்பில் குத்தினாள். பிறகு கத்தரிக்கோலால் மெத்தையின் ஓரத்தை நீளக் கிழித்தாள். உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி நூல் வந்தது. பொடிப்பொடியாக, சுருண்டு, வெள்ளையாக. எல்லாவற்றுக்கும் மேலே கொஞ்சம் கோரா.

"எல்லாம் உன்னுதுதான்" என்றாள். "யாரோடதும் கலக்கல."

மார்டெல் அதைப் பார்த்தபடி நின்றாள். "இதை எதுக்கு வச்சிருந்தே?"

"தெரியல. எறிய மனசு வரல."

போர்வையில் கடைசிக் கட்டம் ஒன்றுதான் இன்னும் தைக்காமல் இருந்தது. அதன் ஓரம் திறந்தே கிடந்தது. ஆர்லிஸ் மேல்துணியைத் தூக்கி, கையை உள்ளே விட்டு, அந்த நூல்களைப் பஞ்சின் மேல், சிவப்புச் சதுரத்துக்கு நேர் கீழே, பரப்பிவிட்டாள். துணியை இழுத்து மூடி ஓரத்துக்குக் குண்டூசி போட்டாள். ஓர் ஊசியில் நூல் கோத்து, மெழுகில் இழுத்து, மார்டெல் பக்கம் நீட்டினாள்.

மார்டெல் கோட்டைக் கழற்ற நேரமெடுத்தது. டொனீட்டா உதவ எழுந்தாள், பிறகு உட்கார்ந்துகொண்டாள். மார்டெல் நாற்காலியில் அமர்ந்து, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, சிவப்புச் சதுரத்தின் மூலையில் ஊசியை இறக்கினாள். ஊசி கோட்டைத் தவறவிட்டது, திரும்பத் தேடியது, ஓர் இடத்தில் இறங்கியது. முதல் தையல் கோதுமை மணியளவு நீளம். அடுத்தது சாய்ந்து விழுந்தது. மூன்றாவது கோட்டை விட்டே விலகிப் போனது.

மூன்று மணிக்கு மற்றவர்கள் கேக் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுப் படியேறினார்கள். கடைசிக் காரும் கிளம்பிப் போனது. மார்டெல் இன்னும் தைத்துக்கொண்டிருந்தாள். அங்குலத்துக்கு நாலு இருந்தால் அதிகம். ஆர்லிஸின் கை தானாகக் கழுத்து நாடாவுக்குப் போனது. பாதி வழியில் அதைக் கீழே இறக்கினாள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.